எண்பத்தாறாம் பெட்டி

கரா-செங்கிர் மாவட்ட நீர் நிர்வாகத்தில் எண்பத்தாறு பேர் வேலை பார்த்தார்கள். எண்பத்தாறு பேருக்கும் மின்னஞ்சல் பெட்டி இருந்தது. இதை இயக்குநர் ஷர்ஷென் அசனோவிச் தலைநகரில் நடந்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். "எண்பத்தாறுக்கு எண்பத்தாறு" என்றார். பக்கத்து மாவட்டத்துக்காரருக்கு எழுபத்தொன்றுக்கு அறுபத்தெட்டுதான். விடுபட்ட அந்த மூன்று பேரால் அவர் அன்று மதியச் சாப்பாட்டில் யார் முகத்தையும் பார்க்கவில்லையாம்.

எண்பத்தாறாவது ஆள் எசென்குல். கட்டடத்துக்கு அடியில், கொதிகலன் அறையில் கரி தள்ளுகிறவர். முதல் பனி விழுந்ததிலிருந்து ஆப்பிள் மரம் பூக்கும் வரை மேலே எண்பத்தைந்து பேரும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்திருப்பது அவர் கை வேலை. அவருக்குப் பெட்டி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு நாள் நூராலி கீழே இறங்கி வந்து, "உனக்கும் ஒரு பெட்டி திறந்தாச்சு. இந்தச் சீட்டுல முகவரி இருக்கு. கடவுச்சொல் என்கிட்ட இருக்கட்டும், நீ தொலைச்சிடுவ" என்று சொல்லி, ஒரு கிண்ணம் டீ குடித்துவிட்டுப் போனார். திறப்பு விழா அவ்வளவுதான்.

நூராலி அலுவலகத்துக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். எசென்குலும் அவரும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், குர்தாஷ். குர்தாஷ் என்றால் ஒருவரை ஒருவர் என்ன சொல்லியும் திட்டலாம், எந்த விளையாட்டும் விளையாடலாம், குதிரையை அவிழ்த்துக்கொண்டுகூடப் போகலாம். கோபித்துக்கொள்கிறவன்தான் தப்பு செய்தவன் ஆவான்.

எசென்குலுக்கு எழுத்து வந்ததே நாற்பத்தொன்பதாவது வயதில்தான். பள்ளிக்கூடம் இல்லாத ஊர் இல்லை. பள்ளிக்கூடம் இருந்தது, எசென்குல்தான் இல்லை. அப்பாவின் ஆடுகளோடு மலை மேய்ச்சலில் இருந்தார். ஆனால் பதிவேட்டில் ஒரு நாள் தவறாமல் வந்திருந்தார். மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர் ஒருவரும் இல்லை என்று மேலே அறிக்கை போயிருந்தது, அதில் ஓட்டை போட எந்த ஆசிரியருக்கும் மனம் வரவில்லை. தெரிந்தவனுக்கு யார் சொல்லித் தருவார்கள்? கடைசியில் சொல்லித் தந்தது நூராலி. மூன்று குளிர்காலத்துக்கு முன், கொதிகலன் அறைச் சுவரில், கரித்துண்டால் முதலில் தன் பெயரை எழுதினார்.

"இதைப் படி முதல்ல."

"ஏன், என் பேரை எழுதினா கை வலிக்குமோ?"

"உன் பேரு உனக்கே தெரியும். நாளைக்கு நான் செத்தா எந்தக் கல்லு என்னோடதுன்னு நீ பாத்துப் படிக்கணும்ல. இல்லன்னா வேற எவன் கல்லு முன்னாடியாவது உக்காந்து அழுதுட்டு வருவ, கழுத."

எசென்குல் முதலில் கற்ற சொல் நூராலி. 'ரொட்டி' அதற்கப்புறம்தான் வந்தது.

அவர் மனைவி பூருலுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்து போய் ஐந்து வருஷம். மாட்டிடம் போய்ச் சேர முப்பது அடி. அந்த முப்பது அடிக்குள் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை நிற்பாள். தலைநகர் மருத்துவமனையில் அரசாங்கம் இலவசமாக மூட்டு வைக்கிறது என்று பெயர் கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. போன வருஷம் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது படிவத்தில் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம் இருந்தது. வரிசையில் பாதிப் பேர் அந்தக் கட்டத்தைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்கள். எசென்குல் தொப்பிக்குள்ளிருந்து சீட்டை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, தானே எழுதினார். ஊர் திரும்புகிற வண்டியில் வழியெல்லாம் பூருலிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

மார்ச் பத்தாம் தேதி தலைநகரிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியது ஒரு பெண், இனிமையான குரல்.

"எசென்குல் ஐயாங்களா? உங்க வீட்டம்மாவுக்கு முறை வந்திருக்கு. தேதி குறிச்சுக் கடிதம் அனுப்பினோம். மூணு தடவை அனுப்பினோம், மூணும் திரும்பி வந்துடுச்சு. உங்க பெட்டி நிறைஞ்சிடுச்சாம்."

எசென்குல் மண்வாரியைச் சுவரில் சாய்த்தார். "என்ன தேதிம்மா?"

"அது கடிதத்துல இருக்குங்க."

"அந்தக் கடிதம் உன் கையிலதானம்மா இருக்கு?"

"இருக்குங்க. ஆனா கடிதத்துல இருக்கறதைப் போன்ல சொல்லக் கூடாது. சொன்னா அது கடிதம் இல்ல, வெறும் பேச்சு. சில நாள் கழிச்சு மறுபடி தானா வரும். பதினெட்டாம் தேதிக்குள்ள 'கிடைச்சுது, வர்றோம்'னு பதில் போடணும். இல்லன்னா இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும்."

"ஏதாவது சந்தேகம்னா உனக்குப் போன் பண்ணலாமா?"

"ஒரு ஆளுக்கு ரெண்டு போன்தாங்க. மூணாவது பண்ணினா வரிசைக்கு நெருக்கடி குடுத்ததா எழுதிப் பேரையே எடுத்துடுவாங்க. இது ஒண்ணு ஆச்சு."

"இது நீ பண்ணின போன்மா."

"எடுத்தது நீங்கதானே ஐயா."

எசென்குல் மாடி ஏறினார். நூராலி மூன்று திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.

"என்னடா, கரிமூஞ்சி வெளிச்சத்துக்கு வந்திருக்கு. கீழ அணைஞ்சு போச்சா?"

"என் பெட்டி நிறைஞ்சிடுச்சாம். எனக்கு யாருடா கடிதம் போட்டா? என் ஆயுசுல எனக்கு வந்த கடிதமே ராணுவத்துல ஆள் எடுக்க வந்ததுதான்."

நூராலி ஒரு விதையைக் கடிக்க வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். "வாழ்த்துடா. எல்லாம் வாழ்த்து. இப்பதான் பிப்ரவரி இருபத்துமூணு படைவீரர் தினம் போச்சு, மார்ச் எட்டு பெண்கள் தினம் போச்சு. தெரியும்ல."

அதை அறியாதவர் யாரும் இல்லை. பண்டிகை தோறும் ஷர்ஷென் அசனோவிச் எண்பத்தாறு பேருக்கும் வாழ்த்து அனுப்புவார். வாழ்த்தில் அவர் குதிரை மேல் இருப்பார். பின்னால் பனிமலை இருக்கும். மலை இருக்கிற அளவுக்கே கடிதத்தின் எடையும் இருக்கும். உடனே மேலே உள்ள மற்ற எண்பத்துநான்கு பேரும் எல்லோருக்குமாக நன்றி அனுப்ப வேண்டும், ஆளுக்கொரு பூச்செண்டுப் படத்தோடு. துணை இயக்குநரின் செண்டு இயக்குநரின் குதிரையைவிடச் சிறியதாகவும், கணக்கரின் செண்டு துணை இயக்குநருடையதைவிடச் சிறியதாகவும் இருக்க வேண்டும் என்பது எங்கும் எழுதப்படவில்லை, எல்லோருக்கும் தெரியும். பிறகு நன்றிக்கு நன்றி. போன வருஷம் இயக்குநரின் ஐம்பத்தைந்தாவது பிறந்தநாள் படம் நான்கு பாகமாக வந்தது. அதில் மூன்றாம் பாகம் முழுக்க அவர் சாப்பிடுவார்.

"அப்ப அழிச்சிடு" என்றார் எசென்குல்.

"வாழ்த்தையா? உனக்குப் பைத்தியமா? யார் யார் எந்த வாழ்த்தை அழிச்சாங்கன்னு மாசக் கடைசியில பட்டியல் வாசிக்கறாங்களே, கேட்டதில்ல? போன மாசம் பம்புக்காரர் அழுதே போயிட்டார்." நூராலி எழுந்து அவர் தோளில் தட்டினார், தட்டிய கையைப் பார்த்து, கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "நீ கான்ஷாயிம் அக்காவைப் போய்ப் பாரு. முறைப்படி சொல்லு. நான் பின்னாடி பாத்துக்கறேன். உன் பூருலுக்கு நான் பண்ணாம யாருடா பண்ணுவா?"

கான்ஷாயிம் மின்னணு மேம்பாட்டுப் பிரிவின் தலைவி. மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குதிரை, அதன் பக்கத்தில் 'காகிதமில்லா அலுவலகம்' என்று காகிதத்தில் அச்சடித்த சான்றிதழ். எசென்குல் சொன்னதையெல்லாம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"அண்ணே, முதல்ல இதைப் பிரச்சினைன்னு சொல்றதை நிறுத்துங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த மாவட்டத்துல ஒருத்தர் பெட்டியாவது நிறைஞ்சதா? இல்ல. ஏன்னா பெட்டியே இல்ல. இன்னைக்கு ஒரு கரி தள்ளுறவரோட பெட்டி நிறைஞ்சு வழியுதுன்னா அது எவ்வளவு பெரிய வளர்ச்சி. இதை நான் அறிக்கையில எழுதப் போறேன்."

"கடிதம் திரும்பிப் போவுதும்மா."

"போறதும் வர்றதும்தானே போக்குவரத்து. சரி, நீங்க புகாரை உங்க பெட்டியிலேருந்து அனுப்புங்க. வேற வழியா வந்தா அது நீங்கதான்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் முன்னாடிதானே உக்காந்திருக்கேன்."

"நீங்க உக்காந்திருக்கீங்க. உங்க பெட்டி உக்காந்திருக்கா?"

நிறைந்த பெட்டியிலிருந்து எதையும் அனுப்ப முடியாது என்று பிறகு தெரிந்தது. பெட்டியைப் பெரிதாக்க விண்ணப்பிக்கலாம். அதையும் பெட்டியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். கடைசியில் கான்ஷாயிம் மனமிரங்கி, புகாரைத் தானே தட்டச்சு செய்து பதிவு செய்தாள். மறுநாளே பதில் போனது, எசென்குலின் பெட்டிக்கு. பெட்டி நிறைந்திருந்ததால் அது திரும்பி வந்தது. திரும்பி வந்ததற்கு எதிரே 'பெறுநர் பெற்றுக்கொள்ள மறுத்தார்' என்று பதிவாகியது. நிர்வாகத்தின் கடிதத்தைப் பெற மறுத்ததற்காக எசென்குலுக்கு ஒரு கண்டனம் எழுதினார்கள். அது பெட்டிக்குப் போகவில்லை. அதைக் காகிதத்தில் அச்சடித்து, கொதிகலன் அறைக் கதவில் நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டினார்கள். இந்த விவகாரத்தில் ஒரே முயற்சியில் போய்ச் சேர்ந்த கடிதம் அதுதான்.

எசென்குல் அதை விரல் வைத்து முழுவதும் படித்தார். படித்து முடித்தபோது, படிக்கத் தெரியாமலிருந்த காலம் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றியது.

கண்டனத்தை இயக்குநரும் படித்தார். பெட்டிகள் நிறைவது குறித்து அவருக்கு அக்கறை பிறந்தது. சனிக்கிழமை எல்லோரும் வந்து பெட்டிகளைச் சுத்தம் செய்ய வேண்டும், ஊதியமில்லாப் பொதுவேலை என்று உத்தரவு வந்தது. உத்தரவோடு ஒரு படமும் வந்தது. அதில் அவர் கையில் துடைப்பத்தோடு குதிரை மேல் இருந்தார்.

பொதுவேலை என்றால் எப்படி வர வேண்டும் என்று கரா-செங்கிரில் எல்லோருக்கும் தெரியும். பதினான்காம் தேதி காலை பெண்கள் தலையில் துணி கட்டி, ஆண்கள் பழைய கோட்டில், இலை வாரியும் துடைப்பமும் வாளியுமாக வந்து சேர்ந்தார்கள். மின்னஞ்சல் பெட்டியை இலை வாரியால் எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் கேட்கவில்லை. கூட்ட அரங்கில் வரிசையாக நின்றார்கள். வரிசை வரிசையாகப் படம் எடுத்தார்கள். எடுத்த படங்களை அங்கேயே, அப்போதே, எண்பத்தாறு பெட்டிக்கும் அனுப்பினார்கள்.

ஷர்ஷென் அசனோவிச் பேசினார். "நம்ம பாட்டன்மார் இலை வாரியால கால்வாய் தூர் வாரினாங்க. நாம இன்னைக்குத் தகவல் கால்வாயைத் தூர் வாரறோம். எதை அழிக்கணும்? தேவையில்லாததை. எது தேவையில்லாதது? அதை அவங்கவங்க மனசாட்சியே முடிவு பண்ணட்டும். மனசாட்சிக்குத் துணையா கான்ஷாயிம் குறிச்சுக்குவா. நான் யாரையும் வற்புறுத்தல. என் வாழ்த்துல ஒண்ணை அழிச்சாலும் நான் வருத்தப்பட மாட்டேன், யாருன்னு மட்டும் தெரிஞ்சுக்குவேன்."

கைதட்டினார்கள். பிறகு அவர், "ரொம்ப மோசமான பெட்டி எது? அதுலேருந்து ஆரம்பிப்போம்" என்றார்.

"எண்பத்தாறு" என்றாள் கான்ஷாயிம்.

"அது வேண்டாங்க, அது கரிக்காரர் பெட்டி, அதுல ஒண்ணும் இல்லீங்க" என்று நூராலி எழுந்தார். இயக்குநர் கையைக் காட்டியதும் உட்கார்ந்தார். பெரிய திரையில் எசென்குலின் பெட்டி திறந்தது. அதன் சொந்தக்காரரும் அன்றுதான் அதை முதன்முதலில் பார்த்தார்.

நாற்பத்தோராயிரம் கடிதங்கள் இருந்தன. அரங்கமே சிரித்தது. "கீழ உக்காந்துக்கிட்டு யாருக்குடா இவ்வளவு எழுதற? அந்தக் கொதிகலனுக்கா?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள். இயக்குநர்கூடச் சிரித்தார்.

எசென்குல் சிரிக்கவில்லை, படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைப் போல ஒரு பார்வையில் படிக்க அவருக்கு வராது; எழுத்தெழுத்தாக, உதடு அசைய, ஒரு வரியையும் விடாமல் படித்தார். 'இயக்குநர் பெட்டியின் மிகுதி, தானாக மாற்றப்பட்டது.' அதற்குக் கீழே, 'துணை இயக்குநர் பெட்டியின் மிகுதி, தானாக மாற்றப்பட்டது.' அப்புறம் கான்ஷாயிம் பெட்டியின் மிகுதி. கணக்கர் பெட்டியின் மிகுதி. பிறந்தநாள் படத்தின் நான்கு பாகமும் பதினேழு தடவை இருந்தது. திரையின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'மாற்றும் ஏற்பாட்டைச் செய்தவர்', அதன் பக்கத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரைப் படிக்க மட்டும் அவருக்கு எழுத்துக்கூட்டத் தேவைப்படவில்லை.

திரை அணைந்தது. "கம்பி கழண்டுக்கிச்சு" என்றார் நூராலி, கம்பியைக் கையில் பிடித்தபடி.

இயக்குநர் வேறொரு பெட்டியில் விதை வியாபாரி ஒருவர் அனுப்பிய விளம்பரத்தைத் தேடிப் பிடித்து, ஒரு விரலால் அழித்தார். அதைப் படம் எடுத்தார்கள். எல்லோரும் கீழே போய்ப் புலவுச் சோறு சாப்பிட்டார்கள்.

சாயங்காலம் நூராலி கொதிகலன் அறைக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்றார்.

"பாத்துட்ட இல்ல?"

"உன் பேரை நல்லாப் படிக்கக் கத்துக் குடுத்திருக்க" என்றார் எசென்குல்.

"நான் என்னடா பண்றது? பெரியவங்க பெட்டி நிறையக் கூடாது. நிறைஞ்சா என் சட்டையைப் பிடிக்கறாங்க. எதையும் அழிக்கவும் கூடாது. எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்? ஒவ்வொரு பெட்டியாப் பாத்தேன். எல்லாரும் திறக்கறாங்க. திறக்காதவன் நீ ஒருத்தன்தான். அப்ப உனக்கு மருத்துவமனைக் கடிதம் வரும்னு கனவா கண்டேன்?"

"போன வருஷம் சொன்னேனே. முகவரி எழுதிக் குடுத்துட்டு வந்து, உன்கிட்டதான் முதல்ல சொன்னேன்."

நூராலி சிரித்தார். "திட்டுடா. நாலு வார்த்தை திட்டு, மனசு ஆறிடும். அந்த ஏற்பாட்டை எடுத்துட்டேன். உன் பெட்டியையும் துடைச்சு வச்சுட்டேன், ஒரு தூசி இல்ல. இனிமே கடிதம் வந்தா நேரா உள்ள வந்து உக்காரும். நான் தினம் பாத்துச் சொல்றேன்."

எசென்குல் நாலு வார்த்தை திட்டினார். நூராலியின் ஏழு தலைமுறையும் கழுதைகளோடு சம்பந்தம் செய்துகொண்டதாகச் சொன்னார். நூராலி எட்டாவது தலைமுறையையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். டீ குடித்தார்கள். குர்தாஷ் என்றால் அப்படித்தான்.

திங்கட்கிழமை எசென்குல் மாடி ஏறிக் கேட்டார். "வரலடா" என்றார் நூராலி, திரையைப் பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை, "வரல."

புதன்கிழமை பதினெட்டாம் தேதி. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கேட்டார். "பூருல் பையெல்லாம் கட்டி வச்சுட்டாடா. மாட்டைப் பாத்துக்கப் பக்கத்து வீட்டுல சொல்லிட்டோம். நான் அந்த ரெண்டாவது போனைப் பண்ணிடட்டுமா?"

"பண்ணாத." நூராலி அவசரமாகச் சொன்னார். "வீணாக்காத. அப்புறம் அவசரம்னா எதை வச்சுப் பண்ணுவ? தலைநகர்ல எல்லாமே தாமதமாத்தான் வரும். நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்."

எசென்குல் அந்த ஒரு போனை, பனியில் மாட்டிக்கொண்டவன் கடைசித் தீக்குச்சியை வைத்திருப்பதுபோல வைத்திருந்தார். வியாழக்கிழமை காலை அதைக் கிழித்தார்.

"ஐயா, உங்க கடிதம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பத்துக்குப் போய்ச் சேர்ந்துடுச்சே" என்றாள் இனிமையான குரல்காரி. "இந்தத் தடவை திரும்பி வரல. உங்க பெட்டிக்குள்ள போயிருக்கு, இங்க பதிவு இருக்கு. நீங்கதான் பதில் போடல."

"எங்களுக்கு வரலம்மா."

"வந்திருக்குங்க. வந்ததுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு எங்களுக்குத் தெரியாது. நேத்து சாயங்காலத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா இன்னொரு தடவை அனுப்பியிருப்பேன் ஐயா. அதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. இப்ப இடம் போயிடுச்சு. மறுபடி பேர் குடுத்தா ரெண்டு வருஷம் ஆகும்."

மாடிக்கு இருபத்தெட்டுப் படி. எசென்குல் அதை எப்போதும்போல ஏறினார். நூராலியின் மேசை முன் போய் நின்றார். விதை கொறிக்கும் சத்தம் நின்றது.

"சனிக்கிழமை நாலு பத்து" என்றார் எசென்குல்.

நூராலி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "துடைச்சிட்டு இருந்தேன்டா. இயக்குநர் மறுபடி உன் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னா என் பேரு வந்து நிக்கும். அதான் மொத்தத்தையும் குறிச்சு அழிச்சேன். அழுத்தற நேரத்துல மேல ஒண்ணு புதுசா வந்து விழுந்துச்சு. மருத்துவமனைன்னு தலைப்பு கண்ணுல பட்டுச்சு. அதுக்குள்ள விரல் அழுத்திடுச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அது எப்படிப் போச்சுன்னு கேப்பாங்க. நாற்பத்தோராயிரத்துல பாதி இயக்குநர் வாழ்த்து. அழிச்சவங்க பட்டியல்ல நான்தான் முதல்ல நிப்பேன். வேலை போயிடும்."

"நாலு நாள் இருந்துச்சு. ஒரு போன் இருந்துச்சு. அதையும் பண்ணாதன்னு சொன்ன."

"பயந்துட்டேன்டா." நூராலி அவர் கையைப் பிடித்தார். கரி ஒட்டுவதை இந்த முறை பார்க்கவில்லை. "அடி என்னை. சத்தியமா அடிச்சிடு. என் குதிரையை ஓட்டிக்கிட்டுப் போ. ஆனா கோவிச்சுக்காத, குர்தாஷ்கிட்ட கோவம் கூடாது."

எசென்குல் கையை விடுவித்துக்கொண்டார். "கோவம் ஒண்ணும் இல்லீங்க" என்றார். "நீங்க உக்காந்து வேலையைப் பாருங்க."

நூராலிக்கு அறை விழுந்ததுபோல இருந்தது. "என்னடா 'நீங்க'? என்னைப் போயி..."

எசென்குல் கதவைத் திறந்து, அவருக்குப் பின்னால் குளிர் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

வீட்டில் பூருல் கட்டிய பையை அவிழ்த்துத் துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள். "நூராலி பாத்துக்கறேன்னு சொன்னாரே?" என்று மட்டும் கேட்டாள். அவர் அடுப்பைக் கிளறினார். கடைசித் துணியை வைத்துவிட்டு அவள், "அந்தப் பால் வாளியை இனிமே ஆணியில மாட்டி வை. குனிஞ்சு எடுக்க முடியல" என்றாள்.

வெள்ளிக்கிழமை, வசந்தப் புத்தாண்டான நவ்ரூஸுக்கு விருந்து. அரங்கில் முளைக்கோதுமையில் காய்ச்சிய சுமொலோக் கூழ்க் கிண்ணங்கள் ஆவி பறக்க வரிசையாக இருந்தன. ஷர்ஷென் அசனோவிச் எழுந்தார்.

"நம்ம பொதுவேலையோட பலனைச் சொல்றேன், கேளுங்க. கான்ஷாயிம் எல்லாப் பெட்டியையும் அளந்து பாத்தா. ஒரே ஒரு பெட்டி சுத்தமா இருக்கு. ஒரு கடிதம்கூட இல்ல. யாரோடது? போன வாரம் எல்லாரும் சிரிச்சீங்களே, அவரோடது. ஒரு சாதாரணக் கரி தள்ளுற மனுஷன் நம்ம எல்லாருக்கும் பாடம் சொல்லியிருக்கார். அதுல என் வாழ்த்தும் போயிருக்கும். இருக்கட்டும், நான் அதை மன்னிக்கறேன். கண்டனத்தையும் ரத்து பண்றேன். மருத்துவமனைக் கடிதம் சம்பந்தமா ஒரு புகார் இருந்துச்சில்ல? அதையும் விசாரிச்சோம். கடிதம் போய்ச் சேர்ந்திருக்கு. அப்ப நம்ம அஞ்சல் நூத்துக்கு நூறு."

எசென்குலை மேடைக்கு அழைத்தார்கள். தலையில் வெள்ளைக் கல்பாக் தொப்பி வைத்தார்கள். சித்திரம் பின்னிய சப்பான் அங்கியைப் போர்த்த வேண்டும்; போர்த்துகிற கௌரவம் மின்னஞ்சல் பொறுப்பாளருக்கு என்றார் இயக்குநர். நூராலி அங்கியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எசென்குல் ஒவ்வொரு கையாக நுழைத்துக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க" என்றார் நூராலியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

கூட்டத்தில் வயதானவர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளையவர்கள் கைதட்டினார்கள்.

அங்கி நல்ல கனமானது. பூருல் அதைத் தடவிப் பார்த்தாள், நான்காக மடித்தாள், இடுப்புக்கு அடியில் வைத்து உட்கார்ந்து பார்த்தாள். "பரவாயில்ல, மெத்துனு இருக்கு" என்றாள்.

சான்றிதழோடு ஒரு உறையும் கொடுத்திருந்தார்கள். உள்ளே எசென்குலின் கடவுச்சொல். திங்கட்கிழமை மதியம், நடைவழியில் மேசை இல்லாத தொழிலாளர்களுக்கென்று வைத்திருந்த கணினி முன், கரி படிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். பெட்டியில் ஒரே ஒரு கடிதம் இருந்தது. சுத்தமான பெட்டிக்காக அவரை வாழ்த்தி இயக்குநர் எண்பத்தாறு பேருக்கும் அனுப்பியது. விருந்து முழுவதையும் படமாக்கி இணைத்திருந்தார்கள்.

நன்றி சொல்லும் இடத்தைத் தேடிப் பிடித்தார். எல்லோருக்கும் என்று இருந்ததை அழுத்தினார். பிறகு ஒரு விரலால் எழுத ஆரம்பித்தார். அவர் ஆயுளில் எழுதிய முதல் கடிதம் அது. அதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

'நான் எசென்குல். கரி தள்ளுகிறவன். என் மனைவி பூருலுக்கு இடுப்பு வைக்க வரச் சொல்லிக் கடிதம் வந்தது. சனிக்கிழமை வந்தது. நூராலி அவர்கள் அதை அழித்துவிட்டார்கள். நான்கு நாள் தெரிந்தும் சொல்லவில்லை. வாழ்த்துக்கு நன்றி.'

அனுப்பினார்.

முதல் பதில் உடனே வந்தது. விரல் வைத்துப் படித்தார். 'உங்கள் கடிதத்தைச் சேர்க்க இயலவில்லை. பெறுநரின் பெட்டி நிறைந்துவிட்டது.' இயக்குநருடையது. அடுத்தது கான்ஷாயிமுடையது. அடுத்தது கணக்கருடையது. மிகுதியைக் கொட்ட இப்போது எண்பத்தாறாம் பெட்டி இல்லை. பொதுவேலைப் படங்களும் விருந்துப் படமும் ஒரே வாரத்தில் எல்லாப் பெட்டியையும் விளிம்பு வரை நிரப்பியிருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக, பனிப்பந்து உருண்டு வருவதுபோல அவர் கடிதம் அவரிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது.

நின்றதும் எண்ணினார். எண்பத்துநான்கு. தன்னைக் கழித்தால் எண்பத்தைந்து வர வேண்டும். மறுபடி மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஒரு பெயர் மட்டும் இல்லை. அந்த அலுவலகத்தில் தன் பெட்டியில் எப்போதும் கொஞ்சம் இடம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

நடைவழியின் கோடியில் அந்த அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விதை கொறிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு நின்றது.

எசென்குல் காத்திருந்தார். யாரும் வெளியே வரவில்லை. அவர் எழுந்து கீழே இறங்கினார். கொதிகலன் அறைச் சுவரில் மூன்று குளிர்காலத்துக்கு முன் கரித்துண்டால் எழுதிய பெயர் அப்படியே இருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மண்வாரியை எடுத்தார்.